அண்ணன் பெயரும் தடைப் பட்டியலும்

நான் தரை துடைக்கும் வங்கியில் ஓர் அக்கா இருக்கிறார். பணம் அனுப்புபவரின் பெயர், யாருடைய பணத்தையும் வங்கி கையாளக்கூடாது என்று அரசு தடைசெய்திருக்கிறதோ அவர்களின் தடைப் பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போனால், இருவரும் ஒரே ஆள்தானா என்று பார்ப்பது அவர் வேலை. ஒருநாள் அவருடைய சொந்த அண்ணன் பெயரே வந்து நின்றது. மறுநாள் அண்ணிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பணம்.

“உங்க அண்ணன்தானேக்கா, விட்டுடுங்க,” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“எனக்கு அண்ணன். பட்டியலுக்கு யாரோ. சொந்தக்காரங்க விஷயத்த நான் தொடக்கூடாது, நீங்க பாருங்க,” என்றவர், அண்ணனுக்குப் போன் போட்டு பாஸ்போர்ட் கேட்டார்.

“கூடப்பொறந்தவளுக்கே நான் யாருன்னு காட்டணுமா?”

“ஆமாண்ணா. தெளிவா படம் புடிச்சு பக்கத்து மேசைக்காரருக்கு அனுப்பு.”

பட்டியலில் இருந்தவருக்கு எழுபது வயது; பாஸ்போர்ட்டின்படி அண்ணனுக்கு நாற்பது. மேசைக்காரர் அதை எழுதிவைத்து மாலைக்குள் பணத்தை விட்டார். ஆபரேஷன் நடந்தது. அண்ணன்தான் அக்காவோடு பேசுவதில்லை.

“அண்ணி பொழச்சாச்சு. அவர் மெதுவா பேசட்டும்,” என்று அக்கா அடுத்த பெயரைத் திறந்தார்.