மதினி கட்டிய கிளை

திருநகரில் என் அண்ணன் வீட்டு இரும்புக் கேட்டுக்கு மேலே, பாட்டில் பிரஷ் மரத்தின் கிளையொன்றை ஒரு வாடாமல்லி நிறச் சேலைத் துண்டு தூக்கிப் பிடித்திருக்கும். மறுமுனை மாடிப்படிக் கம்பியில் முடிச்சிட்டிருக்கும். வெயிலிலும் மழையிலும் நிறம் வெளுத்து, பாதித் துணியை மரப்பட்டை விழுங்கியிருந்தது. அதைக் கட்டியவர் என் மதினி, அண்ணனின் மனைவி.

செடியை மதினி வாங்கி வந்து நட்டபோது அது இடுப்பளவுதான் இருந்தது. கிளை நுனியெல்லாம் தரையைப் பார்த்தே தொங்கும். ஐயோ பாவம், தண்ணீருக்குத் தவிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு ஓடிய கோடை அது. அரிசி கழுவிய நீர், துணி அலசிய நீர் என்று ஊற்றித் தள்ளினார். பால்காரர்கூடப் போகிறபோக்கில் ஒரு சொம்பு ஊற்றுவார். இலை பழுத்து உதிரத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. "அட கூறுகெட்டவளே, இது வாடலடி, இதோட வளத்தியே இப்படித்தான்!" என்று மதினி தன்னையே திட்டிக்கொண்டார். அதன்பின் மண் காய்ந்தால்தான் தண்ணீர். பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற அதன் சிவப்புப் பூக்கள் காய்ந்ததும் பூவுக்குச் சற்றுக் கீழே நறுக்கிவிடுவார். அப்படியே ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டுவார். எலுமிச்சை வாசனை அடிக்கும். "தலைவலி போயிருச்சா?" என்பார். எனக்குத் தலைவலியே இருக்காது!

மரம் கேட்டுக்கு மேலே வளர்ந்துவிட்ட சமயம், என்னைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நுழையும்போது, தொங்கிய கிளையில் அவருடைய கொண்டை மாட்டிக்கொண்டது. பிரித்து எடுப்பதற்குள் வைத்திருந்த பூ அத்தனையும் தரையில் விழுந்தது. "வாசல்ல அழுது வடியிற மரத்த வச்சிருக்கீக. வீடு எப்படி வெளங்கும்?" என்றவர், காபியைத் தொடாமலே எழுந்து போனார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அண்ணன் அரிவாளோடு வாசலுக்கு வந்துவிட்டார். மதினி மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"வெட்டணும்னா வெட்டுங்க. ஆனா நம்ம பிள்ளைய வேணாம்னு போனவங்க பேச்சுக்கு வெட்டாதீங்க. குனிஞ்சு வர மனசு இருக்கவங்க வந்தாப் போதும்."

அண்ணன் அரிவாளோடு உள்ளே திரும்பிப் போய்விட்டார்.

அம்புட்டு வீறாப்பாகப் பேசிய மதினிதான், அடுத்து பரவையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காலையில் ஸ்டூல் மேல் ஏறி நின்றார். தன் பழைய சேலையைக் கிழித்து, தாழ்ந்த கிளைகளையெல்லாம் தூக்கித் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மதினி, குனிஞ்சு வரட்டும்னீங்க?"

"சும்மா இரு கழுத. என் ரோசத்துக்கு ஒன் வாழ்க்கையா பலி? இன்னைக்கு ஒரு நாளைக்கு இது நிமிந்து நிக்கட்டும்."

திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அந்த வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். கல்யாண அமளி ஓய்ந்ததும் மதினி மற்றக் கட்டுகளை அவிழ்த்துவிட்டார். கேட்டுக்கு மேலே இருந்த ஒன்றை மட்டும் அவிழ்க்கவில்லை. ஏனென்று கேட்டால், "இருக்கட்டும், நீ வந்து போற வழி" என்பார்.

போன ஆடியில் மதினி இறந்துவிட்டார். சில மாதங்கள் கழித்து நான் போனபோது, துணி இறுக்கிய இடத்துக்கு அப்பால் கிளை காய ஆரம்பித்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணன் தடுத்தார்.

"வேணாம் பாப்பா. அவ கையால கட்டுனது."

"இப்படியே விட்டா கிளை பட்டுப்போகும்ணே."

அண்ணன் அந்தத் துணியை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கி அவரே நறுக்கினார். பட்டைக்குள் போன இழைகள் அங்கேயே இருந்துவிட்டன. கிளை மெல்ல இறங்கி வழியில் தொங்கியது.

சாயங்காலம், "வாரேண்ணே" என்று கிளம்பினேன்.

"தல இடிக்கும் பாப்பா, குனிஞ்சு போ" என்றார்.

குனிந்தேன். ஓர் இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தேன். அதே எலுமிச்சை வாசனை. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே தலை வலித்தது. போயிருச்சா என்று கேட்கத்தான் ஆளில்லை.