பைக்குள் போன அதிரசம்

உத்தமபாளையம் பக்கம் ஓர் இஸ்லாமிய நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த பத்தாம் நாள், பெற்றோர் கூட்டம். எனக்கு முதல் கூட்டமாச்சே என்று வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டு போனேன். வந்த அம்மாமார்கள் சிரித்த முகமாக வாங்கினார்கள். ஆனால் ஒருவர்கூட வாயில் வைக்கவில்லை. காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. என் சொந்த ஊரில் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாத தெருக்கள் உண்டு. இங்கேயும் அப்படித்தானா? பிள்ளைகளைப் பற்றி அவர்கள் ஆசையாகக் கேட்டதற்கெல்லாம் வெடுக்கென்று பதில் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது, என் வகுப்பு ரிஸ்வானாவின் அம்மா தூக்குவாளியோடு வேகமாக வந்தார்.

"பள்ளிவாசல் நோம்புக் கஞ்சி டீச்சர், வீட்டுக்குக் கொண்டுபோங்க. நேத்து ராத்திரி பெறை தெரிஞ்சுருச்சு, இன்னைக்கு மொத நோம்பு. சொன்னா நீங்க சங்கடப்படுவீகன்னு யாரும் வாயத் தொறக்கல. இன்னைக்கு எங்க வீட்டுல நோம்பு தொறக்க ஒங்க அதிரசந்தேன்."

காலையில் நான் பேசிய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பஸ்ஸில் சூடான வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஆளைப் பார்த்து ஒதுக்கியது நான்தான்.