பெட்டிக்குப் பின்னால் இருந்த சிவப்புச் சுவிட்ச்

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பன்னிரண்டு வயதிலேயே கம்ப்யூட்டர் வெடிக்கும் என்று சொன்னவள். தீபாவளிக்குத் தீபாவளி மாமா புதிதாக வந்த விருந்தாளி ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். "இந்தப் புள்ள அப்பவே சொல்லிச்சுலா, நாந்தான் கேக்கல" என்று அவர் முடிக்கும்போது எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். பெரியம்மா குடும்பம் டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு மாறியிருந்தது. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பாசிர் பெனாம்பாங்கில் ஒரு கடலுணவுக் கடையில் இறால் உரிக்கப் போனான். கேம் விளையாடச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதுவும் கட்டி வைத்ததை வாங்காமல் ஒவ்வொரு பாகமாகத் தானே பார்த்து எடுத்துக் கட்டவேண்டும் என்பது அவன் ஆசை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வருடம் முழுக்க அவன் கையில் இறால் வாடை போகவில்லை.

ஆசை அவனுடையது. ஆனால் படித்தது நான். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் மற்ற பிள்ளைகள் கார் ஓட்டி விளையாடியபோது நான் எந்த கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு வாட் இழுக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று நன்றாகத் தெரிந்தும் எழுதினேன். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தியில் என்ன பலகாரம் போடலாம் என்று யோசிப்பதைப் போன்ற வேலைதான் அது.

இதில் மாமா வேறு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமா எனக்குத்தான் சொந்தம். யார் வீட்டு விசிறி நின்றுபோனாலும் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போவார், கரண்ட் பார்க்கும் டெஸ்ட் பேனாவை நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் கம்ப்யூட்டர் பேச்சை எடுத்த நாளிலிருந்து மாமாவின் ஞாயிறுகள் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டன. எனக்கு வயிறு எரிந்தது. கம்ப்யூட்டருக்காக எரிந்ததா, மாமாவுக்காக எரிந்ததா என்று பிரித்துப் பார்க்கும் வயது இல்லை. இரண்டுக்கும் சேர்த்தே எரிந்தது.

பாகங்கள் வாங்க அவர்கள் இருவரும் தலைநகர் கே.எல்.லுக்குக் கிளம்பிய அன்று, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் பட்டியலை மாமாவிடம் கொடுத்தேன். பவர் சப்ளைக்கு மட்டும் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். பெட்டிமேல் ஐந்நூறு வாட் என்று எழுதியிருந்தால் போதாது, மலிவுச் சாமான் வாங்கினால் ஒருநாள் வெடித்துவிடும், விளக்கு எரியும் கேஸை, அதாவது வெளிக்கூட்டை, விட்டுவிட்டு அந்த வெள்ளிக் காசை இதில் போடுங்கள் என்று சொன்னேன்.

"வயர்மேனுக்கே பவரப் பத்திப் பாடமா?" என்றார் மாமா. அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். மோட்டாரில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். கேஸின் முன்பக்கம் நீலமும் சிவப்புமாக மூன்று விசிறிகள். பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பார்த்தேன், பிஸ்கட் டின்னைவிடக் கனம் குறைவு. என் பட்டியலைத் தேடினேன். கே.எல். வரைக்கும் போய்த்தான் வந்திருந்தது. அதில் ஸ்க்ரூக்களைப் பொட்டலம் கட்டியிருந்தார் மாமா.

மறு சனிக்கிழமை மத்தியானமெல்லாம் பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். பெரியம்மா என்னையும் அங்கேயே தங்கச் சொல்லியிருந்ததால் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். பவர் சப்ளையை மாட்டும்போது அதன் பின்னால் இருந்த சின்னச் சிவப்புச் சுவிட்சை மாமா அண்ணனுக்குக் காட்டினார்.

"இது 230ல இருக்கணும். நம்ம ஊரு கரண்டுக்கு 115ல வச்சா டமார்தான்."

பூட்டி முடித்ததும் அண்ணன் பிளக்கைக் கையில் எடுத்தான். பெரியம்மா ஓடிவந்து தடுத்தார். "நாளைக்குப் பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம். சாமி கும்பிட்டுட்டு சுவிட்சுப் போடு." சோதித்துப் பார்க்கவாவது விடுங்கள் என்று மாமா சொல்லிப் பார்த்தார். பெரியம்மா காலண்டரைக் காட்டினார். ஒரு தடவைகூடக் கரண்ட் காணாத கம்ப்யூட்டரைச் சாமி படத்துக்குக் கீழே மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனோம்.

காலையில் பெரியம்மா பூப்பறிக்கப் போயிருந்தார். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். நான் தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, மேசைக்குப் பின்னால் போய், அந்தச் சிவப்புச் சுவிட்சைத் தள்ளினேன். லேசாக நகர்ந்தது. 115 என்று தெரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்துதான் செய்தேன்.

பத்தரைக்கு மாமா வந்தார். பெரியம்மா கேஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றினார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினான்.

டப்பென்று ஒரு சத்தம். பின்பக்கம் புகை. மேலே சுற்றிய விசிறி நின்றது, டிவியும் நின்றது. பயம் வருவதற்கு முன்னால் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

மாமா வீட்டு பிரேக்கரைப் பார்க்க வாசலுக்கு ஓடினார். அண்ணன் மேசைக்குப் பின்னால் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். பெரியம்மா "கண்ணு பட்டுருச்சு" என்று தலையில் கைவைத்தார். அந்த வீட்டில் அன்று உண்மையைச் சொன்னது அவர் ஒருவர்தான்.

மாமா திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சுவிட்சு 230லதான் இருக்கு" என்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சாமானே சரியில்ல. புள்ள சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

வெடித்த வேகத்தில் சுவிட்ச் தானே பழைய இடத்துக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாமி காப்பாற்றியது என்றும் நினைத்தேன். எந்தச் சாமி இப்படிப்பட்டவளைக் காப்பாற்றும் என்று யோசிக்கவில்லை.

நல்லவேளையாக மற்ற பாகங்கள் தப்பின. அண்ணன் இன்னும் ஒரு மாதம் இறால் உரித்தான். இந்த முறை ஸ்க்ரூப் பொட்டலத்தைப் பிரித்து, கசங்கிய என் தாளை நீவி, இரண்டு கோடு போட்டதையே வாங்கி வந்தார்கள். என்னையும் பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதும் அண்ணன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"மொதல்ல நீ வெளையாடு."

சரியாகச் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்து ஜம்மென்று உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் எது பழுதானாலும் மாமா என்னைத்தான் கேட்டார். என்னைப் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவில் சேர்த்ததும் அந்த ஒரு பேரை நம்பித்தான்.

அங்கே முதல் வருடம் ஒரு பழைய பவர் சப்ளையைக் கழற்றிக் காட்டினார்கள். அதே சிவப்புச் சுவிட்ச். மெதுவாகக் கை தூக்கி, இது வெடித்தால் தானாகத் திரும்பிப் போகுமா என்று கேட்டேன். விரிவுரையாளர் சிரித்தார். உள்ளே ஸ்ப்ரிங் கிடையாது, யாராவது விரலால் தள்ளினால் ஒழிய வைத்த இடத்திலேயேதான் இருக்கும் என்றார்.

வகுப்பில் மற்றவர்கள் அடுத்த பாகத்துக்குப் போய்விட்டார்கள். அன்று மாமா வாசலில் நின்ற நேரத்தில் மேசைக்குப் பின்னால் குனிந்தவன் ஒருவன்தான்.

அண்ணனிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இந்தத் தீபாவளிக்கும் மாமா கதையைச் சொன்னார். அண்ணன் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா மாமா, அப்பவே சொல்லிச்சு" என்றான்.