செத்தே தீரவேண்டிய புழுக்கள்

அம்பிட்டியத் தனியார் ஆய்வுகூடத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த விஞ்ஞானி, நுணுக்குக்காட்டியில் குனியுமுன் பெண் பார்க்கப் போகிறவரைப்போலத் தலை சீவிக்கொள்வார்.

காய்ந்து சுருண்டாலும், தண்ணீர் பட்டால் சில மணி நேரத்தில் பிழைத்துவிடும் நூற்புழுக்கள் அவருடைய ஆராய்ச்சி. மரபணு ஒன்றைச் செயற்படாமல் அடக்கி, புழுக்களைக் காயவைத்து, தண்ணீர் விட்டு, உடனேயே பார்த்தார். அசைவில்லை.

"செத்துப்போச்சு! இதுங்க உசுரைக் காப்பாத்துறது இந்த ஜீன்தான்."

கொழும்புத் தலைமையகத்துக்கும் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் நான் பார்த்தபோது தட்டு முழுக்க நெளிந்துகொண்டிருந்தன.

"சேர், எல்லாம் உசுரோட இருக்கு."

"கொழும்புக்குச் சொல்லியாச்சே" என்றவர், தட்டில் குளோரின் கரைசலை ஊற்றினார்.

பிறகு நிதானமாகத் தலை சீவிக்கொண்டு குனிந்தார்.

"நான் சொன்னேன்ல, செத்துப்போச்சு."

அந்தக் குரலில் இருந்தது உண்மையான மகிழ்ச்சி. அதைத்தான் இன்றும் என்னால் சீரணிக்க முடியவில்லை.