நிலம் அசைந்தால் எங்கே ஓடுவது

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, டண்டாஸ் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் திரும்பும்போதெல்லாம் எங்கள் குசினி அலுமாரிக்குள் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும். கீழ்வீட்டில் லூர்து அன்ரியின் கரண்டி ஒரு கணம் நின்று, பிறகுதான் மறுபடி கிண்டத் தொடங்கும். போன கிழமையிலிருந்து அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. நிலவியல் படிக்கும் என் மகள் இந்தக் கோடையில் லூர்து அன்ரி பிறந்த தீவில் இருக்கிறாள். நிலம் அசைந்தது என்று தொலைபேசியில் சொன்னாள். அசைந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

லூர்து அன்ரி எங்கள் வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவருடைய மேல்மாடியில் வாடகைக்கு இருந்தபோது எனக்கு எட்டு வயது, தங்கச்சிக்கு மூன்று. அத்திலாந்திக் கடலின் நடுவே போர்த்துக்கலுக்குச் சொந்தமான ஒன்பது எரிமலைத் தீவுகளில் ஒன்றான சாவோ ஜோர்ஜ் அவருடைய ஊர். அது கத்தியின் முதுகுபோல நீண்டு கிடக்கும் என்று மேசைத் துணியில் விரலால் கீறிக் காட்டுவார். செங்குத்துப் பாறையின் அடியில், ஆறிய எரிமலைக் குழம்பும் சரிந்த மண்ணும் சேர்ந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைத் தரைக்கு “ஃபஜா” என்று பெயர். அதில் இருபது முப்பது கல்வீடுகள், ஒரு சின்னத் தேவாலயம், சேம்புத் தோட்டங்கள், மேலே ஏற ஒரேயொரு கழுதைப் பாதை. நிலம் அசைந்தால் வீடு இடியும், ஆகவே கைக்கெட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அது யாருடைய பிள்ளை என்று பாராமல், பாறையை விட்டு விலகி, மேலே விழ ஒன்றுமில்லாத “வெட்டை”க்கு ஓடிவிட வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம்.

எங்கள் சட்டம் வேறு. யாழ்ப்பாணத்தில் ஷெல் குண்டின் சத்தம் கேட்டால் பதுங்கு குழி. குழி இல்லாவிட்டால் குப்புறப் படுக்க வேண்டும். “ஒண்டு விழுந்தால் அடுத்தது வரும், தலையைத் தூக்காதை” என்பார் அம்மா.

ஒரு மத்தியானம், பின்தெருவில் இடித்துக்கொண்டிருந்த பழைய தொழிற்சாலையின் சுவர் முழுதாகச் சரிய, வீடு குலுங்கியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டின் அடியிலிருந்த பேஸ்மென்றுக்குள் பாய்ந்தார். தங்கச்சி லூர்து அன்ரியின் குசினியில் நின்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு அன்ரி பின்னால் வருவார் என்று அம்மா நினைத்தார். அன்ரியோ, நாங்கள் பின்னால் வருகிறோம் என்று நினைத்து, அவளோடு தெருமுனைப் பூங்காவின் நடுவுக்கு ஓடிவிட்டார். அதன்பிறகு அம்மா நிலத்துக்குக் கீழே அடுத்த ஷெல்லுக்காகவும், அன்ரி வெட்டவெளியில் அடுத்த அதிர்வுக்காகவும் காத்திருந்தார்கள். இரண்டும் வரவில்லை. “லூர்து, பிள்ளையைக் கொண்டு கீழ வாங்கோ!” என்று அம்மா கத்திக்கொண்டேயிருந்தார்; அவருடைய நகங்கள் என் கைக்குள் இறங்கியிருந்தன. அரை மணித்தியாலமாவது போயிருக்கும், தன் சட்டத்தை மீறி எழுந்து வெறுங்காலோடு வெளியே ஓடினார்.

பூங்காவின் புல்லில் லூர்து அன்ரி முழங்காலில் நின்று, தங்கச்சியைத் தன் ஏப்ரனுக்குள் பொத்தி வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, “அவுட்! ஒய் யூ நோ அவுட்?” என்று அம்மாவைத் திட்டினார். “உவளுக்கு விசரே? வெட்டைக்குள்ள பிள்ளையை வைச்சுக்கொண்டு நிக்கிறாள்!” என்று அம்மா தமிழில் திருப்பித் திட்டினார். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பின்னேரம் வேலையால் வந்த அப்பா, “ஒண்டு உள்ளுக்க, ஒண்டு வெளியால. எது விழுந்திருந்தாலும் எனக்கு ஒரு பிள்ளை மிஞ்சியிருக்கும்” என்றார். அம்மா அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவள் நான். என்றாலும் போன கிழமை, “சின்ன ஷேக்தான் அம்மா, சில் பண்ணுங்கோ” என்று மகள் சொன்னதும், என்னை அறியாமல் என் வாயில் வந்தது “குப்புறப் படு!” என்பதுதான். பாறையடியில், பழைய கல்வீட்டுக்குள் இருப்பவளுக்கு அதைச் சொன்னேன். “இது ஷெல் இல்லையம்மா” என்றாள்.

நேற்று, இப்போது நான் இருக்கும் பிக்கரிங்கிலிருந்து அந்தப் பழைய தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவரோடு ஒரு மூன்றுமாடிக் கட்டடம் நிற்கிறது. லூர்து அன்ரி காலமாகிப் பல வருடங்களாகின்றன. அவருடைய ஃபஜாவிலும் இப்போது ஏழெட்டு வீடுகளில்தான் ஆட்கள் இருக்கிறார்களாம்.

இன்று காலை மகளை அழைத்து, “நான் சொல்லுறதைக் கேக்காதை பிள்ளை. அங்கத்தைச் சனம் எங்க ஓடுதோ, நீயும் அங்க ஓடு” என்றேன். அவள் சிரித்தாள். அன்றைக்கு நிலம் அசைந்தபோதே, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாளாம்.

“அவவின்ர பேர் என்ன?” என்று கேட்டேன்.

இன்னும் கேட்கவில்லையாம்.