மீதி எங்கே போயிற்று

மர ஆலையின் வாசலில், லாரிகள் ஏறி நிற்கும் இரும்பு மேடையை ஒட்டிய சின்ன அறையில், ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை. கணக்கு இடித்தால் நடுவில் ஒரு திருடன் இருக்கிறான் என்று அர்த்தம். கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து எடை ஏற்றியவனையும், சீட்டுக்கடியில் கல்லை ஒளித்தவனையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். பழக்கம் வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அதுதான் நிற்கவில்லை. டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார். டாக்டர் ஊசி போட்டால், மருந்து முழுக்க இறங்கியதா என்று ஊசியை வாங்கிப் பார்ப்பார். டிரைவர்கள் அவருக்கு ‘நோட்டம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரையும் அவர் மோப்பம் பிடித்துத்தான் தெரிந்துகொண்டார்.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவளுக்கு வந்த மாப்பிள்ளை, கட்டையை மூடிச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவன், அதிகம் பேசாதவன். பெண் பார்க்க வந்த அன்று அவன் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட நோட்டம் புரட்டிப் பார்த்தார். எந்தப் பழுதும் கிடைக்கவில்லை. பழுதே இல்லாத மனிதன் எப்படி இருக்க முடியும் என்று அன்றைக்கே அவருக்கு உறுத்தல்.

வேலையிலிருந்து நோட்டம் ஓய்வு பெற்றதும், அவர் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மனையில் மூட்டம் போடலாம் என்று மாப்பிள்ளைதான் யோசனை சொன்னான். ஆலையில் கழித்துப் போடும் துண்டுக் கட்டைகளை நோட்டம் வாங்கிப் போடுவது, மூட்டம் போடும் பாடு மாப்பிள்ளையுடையது என்று பேச்சு. அவன் கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோல் மூடி, மேலே ஈரமண் பூசி, அடியில் மட்டும் சில துளைகள் விட்டுத் தீ வைத்தான். தீ என்றுதான் பேர், சுவாலையையே காணோம். முதலில் வெள்ளைப் புகை. பிறகு கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகை. கடைசியில் புகை மெலிந்து நீலமானதும், இனி விட்டால் கரியே எரிந்துவிடும் என்று சொல்லி எல்லாத் துளையையும் அடைத்து ஆறப்போட்டான்.

மூட்டத்தைப் பிரித்தபோது நோட்டம் ஆலையிலிருந்து இரவல் தராசோடு காத்திருந்தார். நிறுத்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் நிறுத்தார். நாலு வண்டி கட்டை போன இடத்திலிருந்து ஒரு வண்டி கரிதான் வந்திருந்தது.

“மீதி எங்க மாப்பிள்ள?”

“புகையா போச்சு மச்சான்.”

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு மூட்டை தைக்க உட்கார்ந்துவிட்டான். நோட்டத்துக்குத் தலை சுற்றியது. எடை மேடையில் எத்தனையோ சாக்கு கேட்டிருக்கிறார். டயர் தேய்ந்துவிட்டது, டீசல் தீர்ந்துவிட்டது, கிளீனர் இறங்கிப் போய்விட்டான் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். மூணு வண்டி மரம் காற்றில் போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தனுக்கும் துணிச்சல் வந்ததில்லை. புகைக்கு என்ன எடை இருக்க முடியும்? ஊதினால் கலைகிற சமாசாரம். தன் காதிலேயே பூச்சுற்றுகிறான் என்று முடிவு கட்டினார்.

அந்தச் சந்தேகத்தை வயிற்றோடு வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போய் வத்தி வைத்தார். கரியை இவன் வேறெங்கோ கடத்துகிறான், கடத்துகிறவனுக்கு வேறொரு வீடும் இருக்கும், நீ ஏமாந்து நிற்காதே என்றார். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. புருஷன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர ஆரம்பித்தாள். சட்டையில் புகை நாற்றம் தவிர ஒன்றுமில்லை. கரிமூட்டக்காரன் சட்டையில் வேறென்ன இருக்கும்? ஆனால் வேறு எதையோ மறைக்கத்தான் இவ்வளவு புகையோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அண்ணன் வளர்த்த பெண்ணாயிற்றே. வீட்டுக்குள் புகைச்சல் மூண்டது. ஒரு காலையில் துணிமணியோடு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அப்போது இரண்டாவது மூட்டம் மஞ்சள் புகையில் இருந்தது. பெண்டாட்டி வெளியேறியதற்கு மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது நோட்டத்துக்கு இன்னும் பலமான சாட்சியாகப் பட்டது. மனையிலேயே நாற்காலி போட்டு, கண்கொத்திப் பாம்பாய்க் காவல் இருந்தார். மதியம் சாப்பிடக் கிளம்பிய மாப்பிள்ளை வாசலில் நின்று, மூட்டத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள் மச்சான், உள்ளே காற்றுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொடாதே என்றதும் நோட்டத்துக்கு மூக்கு வியர்த்தது. மேலே கட்டை, உள்ளே வெறும் பொந்து. அப்படித்தான் அடுக்கியிருப்பான், மிச்சக் கட்டை முந்தியே கைமாறியிருக்கும். கடப்பாரையை எடுத்து மூட்டத்தின் தோள்பட்டையில் ஒரு குத்து விட்டார். மண் சரிந்து பானை வாய் அகலத்துக்குத் திறந்தது. பொந்து இல்லை. நெருக்கமாக அடுக்கிய கட்டைகள், கறுத்து வெடித்துக் கிடந்தன. மஞ்சள் புகை குபுகுபுவென்று பொங்கிவந்தது. இன்னும் நன்றாகப் பார்ப்போமே என்று முகத்தைக் கொடுத்தார்.

குப்பென்று ஒரு சத்தம். புகையே பற்றிக்கொண்டது. கட்டையில் அல்ல, கட்டைக்கு மேலே, எதையும் தொடாமல் வெறும் அந்தரத்தில் ஆள் உயரத்துக்குச் சுவாலை நின்று எரிந்ததை நோட்டம் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புருவமும் மீசையும் பொசுங்கி மல்லாந்து விழுந்தார்.

தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்ட மாப்பிள்ளை ஓடிவந்தான். முதலில் அவரை இழுத்து ஓரமாய்ப் போட்டான், பிறகு ஈரமண்ணை வாரி மூட்டத்தின் வாயை அடைத்தான், பிறகு குடத்துத் தண்ணீரை அவர் முகத்தில் சரித்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“என்ன எரிஞ்சுது மாப்பிள்ள அங்க? கட்டைய தொடவே இல்லையே.”

“மீதிதான் மச்சான். நீங்க கேட்டீங்களே, அந்த மீதி. கட்டைக்குள்ள இருந்தது சூட்டுல வெளிய வருது. காத்தும் நெருப்பும் கெடச்சா அப்படி எரியும். இல்லன்னா புகையா போயிரும்.”

நோட்டம் தரையில் உட்கார்ந்தபடியே தலைக்கு மேலே பார்த்தார். மஞ்சள் புகை பக்கத்து ஓட்டுக்கூரைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மூணு வண்டி மரம் அவர் கண்ணெதிரே, கூசாமல், வாசல் வழியாக அல்லாமல் வானத்து வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த வழிக்கு எடைமேடை கிடையாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளை நானே கூட்டிவந்து விடுகிறேன் என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பொசுங்கிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்துத் தங்கை பதறி எழுந்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு முழுக்கத் தன்னுடையது, அவன் சொக்கத்தங்கம், துணியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார். அவள் அசையவில்லை.

“அப்ப மீதி எங்கதான் போச்சுண்ணா?”

“புகையா போச்சும்மா.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். எடைமேடை அறை ஜன்னல் வழியாக, லாரி டிரைவர்களை அவர் பார்த்த பார்வை அது. சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு எடுத்துவந்து, பக்கத்தில் நின்று அவள் பார்த்துப் பழகியது. பிறகு கிட்ட வந்து, அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள்.

“உங்க மேலயும் அவரு சட்டையில வர்ற அதே வாசனைதான் வருது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.