வாப்பா வாசலில் சொன்னது

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி ஐந்து நிமிடம். வெளியே ஆறு பாகைக் குளிர், குறுக்குக் காற்றோடு தூறல். ஸ்காபரோவில் நான் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில் நூற்றிருபது கதிரைகள், எழுபத்தெட்டுப் பேர். முன்வரிசையின் நடுக்கதிரை வெறுமையாகக் கிடந்தது. என் நாவலின் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டியவருடைய கதிரை அது.

புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களின் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்பது இந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தை யாரும் விலை கேட்டு வாங்குவதில்லை. வசதியுள்ள ஒருவர் மேடையில் முதற்பிரதியை வாங்கி, கனமான கடித உறை ஒன்றைத் தருவார். பிறகு அறிவிப்பாளர் பெயர் பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறி, உறையைக் கொடுத்து, பிரதியை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டு இறங்குவார்கள். அச்சுச் செலவு அப்படித்தான் தேறும். இங்கே வந்த இருபத்தாறு வருடங்களில் நானும் எழுபதுக்கு மேற்பட்ட மேடைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். அவற்றில் வாசித்து முடித்தது ஒன்பது புத்தகங்கள்.

என் நாவலைச் சொல்பவன் ஒன்பது வயதுப் பையன். பெரும்பாலும் என் மூத்த மகன்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கும் என் மகனுக்கும் ஒரே ரியூசன், ஒரே சைக்கிள். தொண்ணூறாம் ஆண்டு, நாடு இரண்டாகக் கிழிந்துகொண்டிருந்தபோது, எங்கள் பக்கத்து ஆயுதக்காரர்கள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு அனுப்பினார்கள். உடுத்த துணியோடு போனவர்களிடம் காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்கள். அது பதினோராம் அத்தியாயம், பதினான்கு பக்கம். மற்ற இருபது அத்தியாயங்களிலும் அடித்தவர் வேறு, அடிபட்டவர் நாங்கள். இந்த ஒன்றில்தான் அது மாறியிருந்தது.

முதற்பிரதிக்காரர் பக்கத்து நகரமான மார்க்கத்தில் வீடு வாங்கி விற்றுக் கொடுப்பவர். புதன்கிழமை தொலைபேசியில் வந்தார்.

“அண்ணை, புத்தகம் வாசிச்சன். அழுதுபோட்டன். அந்தப் பதினொண்டு மட்டும் தேவையோ?”

“அது நடந்தது, தம்பி.”

“நடந்ததெல்லாத்தையும் எழுதினா நாங்கள் தலை நிமிர்ந்து திரியேலாது. உதைக் கையில வாங்கிக்கொண்டு நான் படத்துக்கு நிக்கிறதோ? எனக்கு இஞ்ச பிஸினஸ் இருக்கு.”

“அச்சடிச்சு வந்திட்டுதே.”

“அதுக்கென்ன, பதினாலு பக்கம்தானே? வெட்டிப்போட்டுக் குடுங்கோ. முதற்பிரதிக்கு ரெண்டாயிரம் தாறன்.”

“வெட்டேலாது.”

“அப்ப உங்கட மகனைக் கூப்பிட்டு முதற்பிரதியைக் குடுங்கோ. அவனாவது வாறானோ பாப்பம்.”

மகன் இங்கிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில், அஜக்ஸில் இருக்கிறான். பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு என்று சொல்லிவிட்டான். முதற்பிரதி மேசையிலேயே கிடந்தது.

அறிவிப்பாளர் வானொலிக் குரல்காரர். நிலைமை விளங்கியும் குரலை இறக்கவில்லை. “சிறப்புப் பிரதியைப் பெற்றுக்கொள்ள அன்போடு அழைக்கிறோம்” என்று முதற்பெயரைச் சொன்னார். அந்த மனிதர் மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு முகட்டைப் பார்த்தார். இரண்டாம் பெயர்க்காரர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். அவர் போட்டிருந்தது நாடா இல்லாத சப்பாத்து. முப்பத்தொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பாளர் ஒழுங்காகக் காத்து நின்றார். மூன்று பேர் எழும்பினார்கள். ஒருவர் என் சகலன். மற்ற இருவருக்கும் எழும்பக்கூடாது என்ற செய்தி போய்ச் சேரவில்லை. பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, உறையைக் கொடுத்துப் பிரதியோடு அவசரமாக இறங்கினார்கள்.

அவர்கள் வராமல் விட்டிருந்தால் மழை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். எழும்பாமல் இருந்து காட்டுவதற்கென்றே வந்திருந்தார்கள்.

“முதற்பிரதியைப் பள்ளிவாசலில கொண்டுபோய்க் குடும்!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். சிரிப்பு. ஆறு மணிக்கு முன் மண்டபம் காலி. இருநூறு மரக்கறி ரோல்ஸில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒருவன் மட்டும் கதவோரம் நின்றான். என் மகனின் அந்தப் பழைய சிநேகிதன். இப்போது வெக்ஸ்போர்ட்டில் குடும்பத்தோடு இருக்கிறான். ஒரு கிழமைக்கு முன்பே அவனுக்குப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருந்தேன். இவனாவது இரண்டு நல்ல வார்த்தை சொல்வான் என்று கிட்டப் போனேன். ஓர் உறையை நீட்டினான்.

“இந்தாங்கோ அங்கிள். இது ரோல்ஸுக்கு. புத்தகத்துக்கில்லை.”

“ஏன் ராசா?”

நூற்று அறுபத்திரண்டாம் பக்கத்தை விரித்தான். “இதில வாப்பா உங்கட வாசலில நிண்டு, ‘அல்லாஹ் உங்களை நல்லா வைச்சிருக்கட்டும்’ எண்டு சொல்லிப்போட்டுப் போறார். ஆர் உங்களுக்குச் சொன்னது?”

ஒருவரும் சொல்லவில்லை. அன்று நான் கிளிநொச்சியில் வங்கி வேலையில் இருந்தேன். நாவலில் அந்த இடத்தில் ஒரு நல்ல சொல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நானே வைத்தது.

“உங்கட வாப்பா நல்ல மனுசன். அதுதான்...”

“நல்ல மனுசன்தான். அண்டைக்கு ஒரு கையில தண்ணிப் போத்தல், மற்றக் கையில தங்கச்சி. துரத்தினது போதாதெண்டு ஆசீர்வாதமும் தந்திட்டுப் போகோணுமோ அவர்?”

“அப்ப என்ன சொன்னவர்?”

“உங்கட வீட்டைப் பாத்துத்தான் சொன்னவர். ‘நாங்க போற இந்த ரோட்டால நீங்களும் ஒருநாள் போவீங்க. உங்களுக்கு ஒருத்தனும் கதவு திறக்க மாட்டான்.’ உம்மா அவற்ற வாயைப் பொத்தினவ. கையைத் தட்டிவிட்டிட்டுத் திரும்பவும் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான்.”

ஐந்து வருடம் கழித்து இராணுவத்துக்குப் பயந்து எங்கள் ஊர் முழுவதும் மழையில் அதே வீதியால் நடந்தது. அந்த நடை என் பத்தொன்பதாம் அத்தியாயம். வாசித்தவர்கள் எல்லோரும் அழுதது அதற்குத்தான். இந்தச் சொல்லைப் பதினொன்றில் வைத்தால் பத்தொன்பதை முன்போல அழுதுகொண்டு வாசிக்க முடியாது.

“சாபத்தை எழுதினா சனம் வாப்பாவைத்தான் திட்டும், ராசா.”

“திட்டட்டும். நல்ல மனுசனைத் துரத்தினதுதான் பிழையோ அங்கிள்? கோவக்காரனெண்டால் துரத்தலாமோ?” புத்தகத்தை என் கையில் வைத்தான். “இப்பிடியெண்டால் எனக்கு வேண்டாம். என்ர பிள்ளையளுக்கு இதைக் காட்டேலாது.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். பஸ் தரிப்பிடம்வரை பின்னால் போனேன். அவன் திரும்பவில்லை.

அந்தக் கிழமையே அவன் வாப்பா சொன்னதை நான்கு வரியில் எழுதி, சிறு துண்டுகளாக அச்சடிப்பித்தேன். வீட்டில் மிஞ்சியிருந்த இருநூற்றுத் தொண்ணூற்றைந்து பிரதிகளிலும் ஆசீர்வாதத்துக்கு மேல் அதை ஒட்டினேன். மனைவி சாப்பாட்டு மேசையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“நாலு வரிக்கு இவ்வளவு பசையோ? இனி ஆற்ற கலியாணவீட்டுக்கு நான் போறது? உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.”

சகலனின் பிரதியை அவர் வீட்டுக்கே போய் ஒட்டினேன். அவர் அதை இன்னும் பிரித்திருக்கவேயில்லை. ஆனால் செய்தியை மட்டும் பிரித்துப் பரப்பிவிட்டார் போலும். மறுநாளே மார்க்கத்துக்காரர் தொலைபேசியில் வந்தார்.

“என்ன அண்ணை, வெட்டச் சொன்னா ஒட்டுறியளாம்! எங்களுக்குச் சாபம் போட ஆள் பிடிச்சனீங்களோ? இனி என்ர வீட்டுப் பக்கம் வரவேண்டாம்.”

“தம்பி, உங்கட பிரதிக்கும் ஒரு துண்டு இருக்கு. தபாலில அனுப்பட்டோ?”

வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, ஒட்டிய பிரதி ஒன்றோடு வெக்ஸ்போர்ட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே பக்கத்தைப் புரட்டி, ஒட்டியிருந்ததை இரண்டு தரம் வாசித்தான்.

“ஓம். இதுதான் சொன்னவர்” என்றான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

மண்டபம், அச்சு, அச்சடித்த பிரதிகள் வந்த விமானக் கூலி, ரோல்ஸ், தேநீர், ஒட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் கூட்டி, நான்கு உறைகளில் வந்த நூற்றுமுப்பதைக் கழித்தால், நட்டம் நாலாயிரத்து முப்பத்தொரு டொலர்.